டப்பாவில் எழுதியிருந்ததும் ரத்தத்தில் தெரிந்ததும்: சுருள்பாசியோடு நான்கு ஆண்டுகள்

முதலில் வாசனையைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அதிலேயே விலகிக்கொள்வார்கள். சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினாப் பொடி, இருக்கும் டப்பாவைத் திறந்தால், காசிமேட்டில் கருவாடு காயும் பக்கத்திலிருந்து காற்று வீசினாற்போல் இருக்கும். எங்கள் வீடு சைவம். முதல் நாள் டப்பாவைத் திறந்தபோது கூடத்திலிருந்து என் மாமியார், "யார் வீட்டில் மீன் வறுக்கிறார்கள்?" என்று கேட்டார். அடுப்பங்கரைக்கு வந்து எட்டிப் பார்த்தார். "பாசியா? குளத்துப் படிக்கட்டில் வழுக்கிவிடுமே, அதுவா?"

அந்தக் கேள்வியை அன்று சிரித்துத் தள்ளினேன். அது எவ்வளவு சரியான கேள்வி என்று பிறகுதான் புரிந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான் பழவந்தாங்கலில் ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி அலுவலகம் போகிறவள். 2021 ஆகஸ்டில் ஒரு காலை, நிலையத்து நடைமேம்பாலத்தில் பாதிப் படியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 10.1. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. டாக்டர் அம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். நான்கு நாளில் மலச்சிக்கல், வயிற்றில் கல் கட்டியது போன்ற கனம். மாத்திரையைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு, அலுவலகத் தோழி சொன்னாள் என்று சுருள்பாசிக்கு மாறினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. நான் செய்த முதல் தவறு இது.

டப்பாவின் மேல் "இரும்புச்சத்து நிறைந்தது" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பொய் இல்லை. 100 கிராம் உலர்ந்த ஸ்பைருலினாவில் சுமார் 28 மில்லிகிராம் இரும்பும் 57 கிராம் புரதமும் உண்டு. ஆனால் 100 கிராமை யார் சாப்பிடுகிறார்கள்? நான் எடுத்தது ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 3 கிராம். அதில் ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாத இரும்பும், ஒன்றே முக்கால் கிராமுக்கும் குறைந்த புரதமும்தான். பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை வேண்டாதவர்களுக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் இருக்கிறது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவள், இந்தப் பெருக்கலை மூன்று மாதம் கழித்துத்தான் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 10.3. டாக்டர் அம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாத்திரையில் 100 மில்லிகிராம் இரும்பு இருந்தது. அதை விட்டுவிட்டு நீங்கள் சாப்பிட்டது ஒரு மில்லிகிராம்கூட இல்லை" என்றார். வேறு மாத்திரை எழுதினார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று. காபி குடித்த கையோடு சாப்பிடாதீர்கள், எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள் என்றார். காபியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். அதுவரை நான் பொடியைக் கலக்கிக் குடித்தது காலை பில்டர் காபி முடிந்த ஐந்தாவது நிமிடம்!

அடுத்த ஆறு மாதத்தில் 12.2க்கு வந்தது. சுருள்பாசியையும் நிறுத்தாமல்தான் சாப்பிட்டேன். தோழி இன்றைக்கும் அவள் பரிந்துரைத்த பொடியால்தான் நான் தேறினேன் என்று எல்லோரிடமும் சொல்கிறாள். எனக்கு அந்த நேர்த்தியான கதையை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. மாத்திரை செய்த வேலை அது.

வைட்டமின் பி12 கதை இதைவிடக் கோபம் வரவழைத்தது. சைவக்காரர்களுக்குப் பி12 குறைவது சாதாரணம், எனக்கும் குறைந்திருந்தது. டப்பாவிலோ பி12 அளவு தாராளமாகப் போட்டிருந்தது. பிறகு எப்படிக் குறையும்? ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி போலிப் பி12. வேதியியல் உருவத்தில் அசல் போலவே இருக்கும். மனித உடலுக்குப் பயன்படாது. நுண்ணுயிரியை வளர்த்து அளக்கும் பழைய சோதனை முறையில் இதுவும் அசலோடு சேர்ந்து எண்ணப்பட்டுவிடும். அதனால் அச்சிட்ட எண் பெரிதாக இருக்கும், நரம்புக்கு ஒன்றும் கிடைக்காது. சைவக்காரர்கள் இதை நம்பிப் பி12 மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். கால் விரல்கள் மரத்துப்போகும் வரை தள்ளிப்போட்டவள் சொல்கிறேன்.

அப்படியானால் இதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பீட்டா கரோட்டின் செறிவாக இருக்கிறது, உடல் அதிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்ளும். நம் தரமணியிலேயே முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரியும் குழுவினரும் 1980, 90களில் இதைக் கிராமத்திலேயே எளிய தொட்டிகளில் வளர்க்கும் வழிகளைத் தேடினார்கள். வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். அங்கே அதற்கு ஒரு நியாயம் இருந்தது: சத்தான சாப்பாடே எட்டாத பிள்ளைகள், வீட்டருகே வளர்க்கக்கூடிய பொருள். கொழுப்பைப் பற்றியும் சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு; கெட்ட கொழுப்பும் டிரைகிளிசரைடும் ஓரளவு குறைவதாகக் காட்டுகின்றன. என் கொழுப்பு அளவும் கொஞ்சம் இறங்கியது. அதே காலத்தில் மாலை நடையும் தொடங்கியிருந்தேன், ஆகவே பட்டம் யாருக்கு என்று தெரியாது. ஒரு கிலோ சுருள்பாசி ஆயிரம் கிலோ காய்கறிக்குச் சமம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை மட்டும் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

இப்போது மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். சுருள்பாசி உண்மையில் செடியே இல்லை, நீலப்பச்சைப் பாசி என்று அழைக்கப்படும் ஒருவகை பாக்டீரியா. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சிட்டிகைப் பொடியைத் தூவி அசைக்காமல் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பச்சை அடியில் படிந்துவிட்டது. மேலே தெளிந்த நீரில் மயில் கழுத்து நீலம் ஊறி நின்றது. அதுதான் பைக்கோசயனின் என்னும் நிறமி. தோசை மாவில் கலந்து சுட்டபோது அந்த நீலம் செத்து அழுக்குப் பச்சையாயிற்று. சூடு அதற்கு ஆகாது. என் மகன் அந்தத் தோசையை ஒரு ஓரம் கிள்ளிவிட்டுத் தட்டை மெல்லத் தள்ளி வைத்தான்.

இதே நீலப்பச்சைக் குடும்பத்தில்தான் மைக்ரோசிஸ்டிஸ் என்ற பாசியும் இருக்கிறது. குளத்திலும் ஏரியிலும் பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் படருமே, அவற்றில் ஒன்று. அது சுரக்கும் மைக்ரோசிஸ்டின் ஈரலைத் தாக்கும் நஞ்சு. கொதிக்க வைத்தாலும் போகாது. ஸ்பைருலினாவைக் காரத்தன்மை மிகுந்த நீரில், சோடா உப்புப் போட்டு வளர்ப்பதற்கு ஒரு காரணம், அந்த நீரில் மற்றவை எளிதில் பிழைக்காது என்பதுதான். தொட்டியைச் சரியாகக் கவனிக்காவிட்டால் அன்னியப் பாசிகள் நுழையும். இயற்கை ஏரியிலிருந்து அள்ளும் வகைகளில் ஆபத்து இன்னும் அதிகம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிளாமத் ஏரிப் பாசி பெரிய வியாபாரம். அங்கே 1997இல் ஒரு கிராம் பொருளில் ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் மைக்ரோசிஸ்டின் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். ஈயம், ஆர்செனிக் போன்ற உலோகங்களையும் பாசி தண்ணீரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். ஆக அத்தை கேட்டது இதுதான்: எந்தத் தண்ணீரில் வளர்ந்தது?

2022இல் ஒரு பொருட்காட்சியில் கால் கிலோ பாக்கெட் மலிவாகக் கிடைத்தது, வாங்கினேன். சூட்டில் ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் உறை, பேனாவால் எழுதிய தேதி. தொகுதி எண் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை. நாக்கில் மணல் நறநறத்தது. இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு. பாசிதான் காரணமா, அன்று வெளியில் சாப்பிட்ட பானிபூரியா, நிரூபிக்க முடியாது. பாக்கெட்டில் இருந்த எண்ணுக்குப் பேசி ஆய்வக அறிக்கை கேட்டேன். "இயற்கைப் பொருள் மேடம், இதற்குப் போய்ச் சோதனை எதற்கு?" என்றார் அந்த ஆள். மீதியைக் குப்பையில் கொட்டினேன், 300 ரூபாய் போனதே என்ற வயிற்றெரிச்சலோடு.

அதற்குப் பிறகு நான் வாங்குவது பதினான்கு இலக்க உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கும் டப்பா மட்டும். மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியும் லேபிளில் இருக்க வேண்டும். அதைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே "சர்க்கரை நோயை விரட்டும்" என்று எழுதியிருந்தால் டப்பாவைக் கீழே வைத்துவிடுவேன். அந்தத் தொகுதிக்கான உலோக, மைக்ரோசிஸ்டின் சோதனை அறிக்கையை மின்னஞ்சலில் கேட்பேன். ஒரு நிறுவனம் அன்றே அனுப்பியது. இரண்டு நிறுவனங்கள் இன்று வரை பதில் போடவில்லை. அனுப்பிய இடத்தில்தான் வாங்குகிறேன்.

சென்னை ஈரப்பதம் இன்னொரு எதிரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. இருட்டில் ஈரக் கரண்டியைப் போட்டிருக்கிறேன் போல. வெள்ளம் வடிந்த பிறகு திறந்தால் பொடி அடைக்கட்டியாக இறுகி, கருவாட்டு வாசனைக்குப் பதில் புளித்த நெடி. இப்போது மாத்திரை வடிவத்துக்கு மாறிவிட்டேன். வாசனைத் தொல்லையும் குறைந்தது. தொடங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: முதல் வாரம் அரை கிராமில் ஆரம்பியுங்கள், நேராக 3 கிராமுக்குப் போனால் வாயு உப்பும். மலம் கரும்பச்சையாகப் போனால் பதற வேண்டாம்.

வீட்டில் இதை எல்லோருக்கும் பங்கு போடலாமா என்றால், கூடாது. அத்தை இதய வால்வு அறுவைக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். பாசிப் பொருள்களில், குறிப்பாகக் குளோரெல்லா என்ற பச்சைப் பாசியில், வைட்டமின் கே உண்டு. அது அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். "எனக்கும் ஒன்று கொடேன்" என்று இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் மறுத்தேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு முடக்குவாதம். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் இப்படிப்பட்ட நோய் உள்ளவர்கள், அதை மேலும் தூண்டக்கூடிய பாசியைத் தொடாமல் இருப்பதே நல்லது என்று அவருடைய டாக்டர் தடுத்துவிட்டார். யூரிக் அமிலம் ஏறியவர்களும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு இது அறவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

என் தங்கைக்குத் தைராய்டு. அவள் கடல்பாசி மாத்திரை ஒன்றை, "நீ சாப்பிடுவதுதானே" என்று வாங்கி வந்தாள். அது கெல்ப் என்னும் பெரிய கடல்பாசி. பெயரில்தான் இரண்டும் பாசி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். சில கெல்ப் வகைகளில் ஒரே கிராமில் அதைவிடப் பல மடங்கு இருக்கும், தைராய்டுக்கு அது ஆகாது. அவள் அதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. பாசிகளிலேயே நான் குறை சொல்லாமல் பரிந்துரைப்பது ஒன்று உண்டென்றால், மீன் சாப்பிடாதவர்களுக்கு நுண்பாசியிலிருந்து எடுக்கும் டிஎச்ஏ எண்ணெய். மீனுக்கே அந்த ஒமேகா 3 பாசியிலிருந்துதான் வருகிறது. ஆனால் விலை கடிக்கிறது.

நான்கு ஆண்டில் ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை: நிறுத்திப் பார்ப்பது. மாத்திரை, நடை, காபி நேரம், முருங்கைக்கீரை என்று எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிக்கொண்டு வந்ததில், சுருள்பாசியின் பங்கு எது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. போன வாரம் டாக்டரிடம் சொல்லிவிட்டு அதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். மற்றவை அப்படியே நடக்கின்றன. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. டப்பா பாதி நிறைந்து அலமாரியில் இருக்கிறது, மூடியில் நிறுத்திய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். அத்தை அதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் இதை இனி நான் சாப்பிடலாமா?" என்கிறார்.