எட்டுப் பேர், நான்கு வண்டி, தீராத ஒரு பாகப்பிரிவினை

பணம் என்றால் பிணமும் வாயைத் திறக்கும் என்பார்கள். 1963இல் வந்த 'இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்' (நான்கு 'மேட்', எண்ணிப் பார்த்துத்தான் எழுதினேன்) ஏறக்குறைய அப்படித்தான் ஆரம்பிக்கிறது. மலைச்சாலையில் கண்மண் தெரியாமல் பறந்த ஒரு கார் பள்ளத்தில் விழுகிறது. அதே சாலையில் போய்க்கொண்டிருந்த நான்கு வண்டிகள் நிற்கின்றன, ஐந்து ஆண்கள் இறங்கி ஓடுகிறார்கள். பாறைகளுக்கு நடுவே கிடக்கும் ஆள் ஜெயிலிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவன். பழைய கொள்ளையில் அடித்த 3,50,000 டாலர் ஒரு பூங்காவில், பெரிய 'டபிள்யூ' ஒன்றின் அடியில் புதைந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். ஆங்கிலத்தில் சாவதை 'வாளியை உதைப்பது' என்பார்களாம். இவன் உயிர் போகும்போது நிஜமாகவே காலால் ஒரு வாளியை உதைக்க, அது கடகடவென்று சரிவில் உருண்டு போகிறது. இந்த மட்டமான ஜோக்குக்குச் சிரித்தீர்கள் என்றால் மீதிப் படம் உங்களுக்குத்தான்.

இயக்கியவர் ஸ்டான்லி க்ராமர் என்பதுதான் முதல் ஆச்சரியம். அணு ஆயுதப் போருக்குப் பிறகான உலகம், நாஜி நீதிபதிகள் மீதான விசாரணை என்று நெற்றி சுருங்கப் படம் எடுத்துக்கொண்டிருந்த மனிதர். அவர் நகைச்சுவை எடுக்கிறேன் என்று கிளம்பினால் அதையும் ஒரு போர்ப்படம் போலத்தான் எடுப்பார் போல: விமானங்கள், லாரி, டாக்சி, தீயணைப்பு ஏணி, அந்தக் காலத்து அமெரிக்கக் காமெடி நடிகர்களில் கையில் கிடைத்த எல்லோரும். மௌனப்படக் காலத்துச் சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டன் சில நொடிகள் வந்து போகிறார். அடிதடிக் காமெடிக்குப் பேர்போன 'த்ரீ ஸ்டூஜஸ்' மூவரும் தீயணைப்பு வீரர் உடையில் சும்மா நிற்கிறார்கள், ஒன்றுமே செய்யவில்லை, அதற்கே சிரிப்பு வருகிறது.

துரத்தல், மோதல், வெடிப்பு எல்லாம் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெட்ரோல் பங்க் காட்சியை மட்டும் விடமுடியாது: ஜோனதன் விண்டர்ஸ் நடித்த லாரி டிரைவர் பைக் (அவர் பெயரே அதுதான்), தன்னை ஏமாற்றியவன் மேல் இருக்கும் கோபத்தில் ஒரு புத்தம்புதுப் பங்கை வெறும் கையால் பிரித்துப் போடுகிறார். இரண்டு ஊழியர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு பாவமாகத் தடுக்கப் பார்க்கிறார்கள். சுவர், கூரை, தண்ணீர்த் தொட்டி, ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் எனக்கு இந்தப் படத்தின் உயிர் அதற்கெல்லாம் முன்னால், யாரும் யாரையும் துரத்த ஆரம்பிக்காதபோது, சாலையோரத்தில் நின்று பேசும் அந்தப் பங்கு பிரிக்கும் காட்சிதான். ரகசியம் தெரிந்தாயிற்று, தனித்தனியாக ஓடுவதைவிடச் சேர்ந்து போய்ப் பிரித்துக்கொள்ளலாம் என்று பெரியமனுஷத்தனமாக ஒரு முடிவு. சரி, எப்படிப் பிரிப்பது? வண்டிக்கு ஒரு பங்கா, தலைக்கு ஒரு பங்கா, பள்ளத்தில் இறங்கிய ஐந்து பேருக்கு மட்டுமா? அவரவர் எழுந்து நியாயம் பேசுகிறார்கள். ஒருவர்கூட 'எனக்கு அதிகம் வேண்டும்' என்று சொல்வதில்லை. 'இதுதானே நியாயம்?' என்றுதான் கேட்கிறார்கள். சொத்து பிரிக்கும் கூடத்தில் ஒரு தடவையாவது உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது முறை பார்க்கும்போது படத்தை நிறுத்திவிட்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். வண்டிக்கு ஒரு பங்கு என்றால் 87,500 டாலர். லாரியில் தனியாக வந்த பைக்குக்கு முழுசும் அவருக்கே, இதைவிட நல்ல ஏற்பாடு அவருக்கு இல்லை. தலைக்கு ஒரு பங்கு என்றால் எட்டுப் பேர், ஆளுக்கு 43,750. மனைவி, மாமியாரோடு மூன்று பேராக வந்திருக்கும் ஃபின்ச் குடும்பத்துக்கு 1,31,250 சேரும், பைக்குக்குப் பாதியாகிவிடும். பள்ளத்தில் இறங்கியவர்களுக்கு மட்டும் என்றால் ஆளுக்கு 70,000. இரண்டு பேருமே இறங்கிய நண்பர்கள் டிங், பெஞ்சி சேர்ந்து 1,40,000 அள்ளிக்கொண்டு போவார்கள், ஃபின்ச் குடும்பம் 70,000-க்கு இறங்கிவிடும். பல் டாக்டர் தம்பதிக்கு மட்டும் வண்டிக் கணக்கிலும் 87,500, தலைக் கணக்கிலும் அதே 87,500. அந்தப் பல் டாக்டர்தான் (சிட் சீசர்) அங்கே நிதானமாக நின்று எல்லோருக்கும் பொறுமையாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர்! எழுதியவர்கள் இதை யோசித்து வைத்தார்களா, தானாக அமைந்ததா என்று கேட்காதீர்கள், நான் அன்று ராத்திரி முழுக்க இதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதிலும் இந்தப் பணத்துக்கு வரி கட்டவேண்டாமா என்ற பேச்சு வேறு நடுவில் வருகிறது. புதைத்துவைத்த கொள்ளைப் பணத்துக்கு!

எந்தக் கணக்கும் ஒத்துவராமல் கடைசியில் அவனவன் பாடு அவனவனுக்கு என்று வண்டியை நோக்கி ஓடுகிறார்கள். மீதி இரண்டு மணி நேரமும் அந்த ஓட்டம்தான்.

வில்லியம் ரோஸும் அவர் மனைவி டானியாவும் எழுதிய கதை. இதே ரோஸ்தான் 1955இல் இங்கிலாந்தில் வந்த 'த லேடிகில்லர்ஸ்' படத்துக்கும் எழுதியவர். அங்கே ஐந்து திருடர்கள் ஒரு பாட்டியின் வீட்டில் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டுகிறார்கள், பணம் பாட்டியிடமே தங்கிவிடுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் நீளம் கொஞ்சம் உறுத்தும். 1983இன் 'ட்ரேடிங் பிளேசஸ்' இன்னொரு வகை. அதில் இரண்டு பணக்காரச் சகோதரர்கள் ஒரே ஒரு டாலர் பந்தயத்துக்காக இரண்டு மனிதர்களின் வாழ்க்கையைப் புரட்டிப் போடுகிறார்கள். (அதன் உச்சக்காட்சியில் வருகிற மாதிரி அரசாங்கத் தகவலைத் திருடி வியாபாரம் செய்வதற்கு அமெரிக்காவில் 2010இல் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள், படத்தில் நடித்தவர் பெயரால் அதற்கு 'எடி மர்பி விதி' என்று செல்லப்பெயர்.) அது கூர்மையான படம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கெட்டவர்கள் யாரென்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது, நாம் நல்லவர்கள் பக்கம் சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறோம். இதில் உட்கார அப்படி ஓர் இடமே இல்லை. எட்டுப் பேரும் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது சாதாரண மனிதர்கள்.

போலீஸ் கேப்டன் கல்பெப்பராக வரும் ஸ்பென்சர் ட்ரேசிதான் ஒரே நங்கூரம். பல வருஷமாக இந்தப் பணத்துக்காகக் காத்திருப்பவர், ஓய்வு பெறும் நேரம், பென்ஷன் சொற்பம், வீட்டிலிருந்து போன் வந்தால் சண்டை. இவர் ஒருவராவது, என்று நாம் நினைக்கும்போது அவர் முகத்தில் மெதுவாக ஒன்று மாறுகிறது. முடிவு தெரியவேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். பென்ஷனை உயர்த்த அவருடைய மேலதிகாரி போராடி வாங்கிவிட்ட செய்தி வரும்போது நேரம் கடந்துவிட்டது. உயரமான கட்டடத்தில் எல்லோரும் தொங்கிக்கொண்டிருக்கும்போது பெட்டி திறந்து பணம் காற்றில் பறக்கிறது, கீழே வேடிக்கை பார்த்த கூட்டம் அதைப் பொறுக்க அடித்துக்கொள்கிறது. எனக்குப் படத்திலேயே பயமாக இருந்த இடம் அந்தக் கூட்டம்தான், ஏனென்றால் அதுவரை அவர்களும் நம்மைப் போல வாய்விட்டு வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குறைகளும் இருக்கின்றன. பல் டாக்டர் தம்பதி ஒரு கடையின் நிலவறையில் மாட்டிக்கொண்டு வெளியே வரப் படும் பாடு முதல் இரண்டு தடவை சிரிப்பு, அப்புறம் 'இன்னும் அங்கேயா இருக்கிறீர்கள்' என்று ஆகிவிடுகிறது. பெண்களுக்கு எழுதப்பட்டது ரொம்பக் குறைவு. மாமியார் என்றால் கத்துவாள், கத்தினால் சிரிக்கவேண்டும் என்ற பழைய வாய்ப்பாடு. ஈத்தல் மெர்மன் அந்தக் கத்தலிலேயே ஒரு ராஜ்ஜியம் நடத்துகிறார் என்பது வேறு விஷயம். யோசனையை விடச் செலவு அதிகமாகத் தெரியும் இடங்களும் உண்டு. பேராசையைக் கிண்டல் செய்யும் படத்துக்கே, இன்னும் ஒரு கார், இன்னும் ஒரு நடிகர் என்று ஆசை அடங்கவில்லை.

வாங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: போனில் பார்க்காதீர்கள். உயரத்தைப் போல 2.76 மடங்கு அகலம் கொண்ட சட்டகம், ஹாலிவுட்டின் சினிராமா டோம் அரங்கு 1963இல் திறந்ததே இந்தப் படத்தோடுதான். நான் முதலில் போனில் பார்த்தேன், படம் ஒரு ரிப்பன் துண்டு போல நடுவில் கிடந்தது, யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே புரியவில்லை. க்ரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட ப்ளூ-ரேயில் இரண்டு பதிப்புகள் இருக்கின்றன. 197 நிமிடப் பதிப்பில் காணாமல்போன காட்சிகளை ஒட்டவைத்திருக்கிறார்கள், சில இடங்களில் ஒலி மட்டும் ஓட, ஸ்டில் படங்களை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். முதல் தடவைக்குக் குட்டைப் பதிப்பே போதும், அதுவே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகிறது.

கூட்டமாகப் பாருங்கள், சாலையோரக் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டு எப்படிப் பிரிக்கலாம் என்று கேளுங்கள். நான் வீட்டில் கேட்டேன். யோசிக்காமல் தலைக்கு ஒரு பங்கு என்றாள் அக்கா. அவள் வீட்டில் நான்கு பேர், நான் ஒண்டி ஆள்.