85,000 ரூபாவுக்கு ஒரு கலர் போட்டோக் கொப்பி: கராஜ் கட்ட இருக்கிறவர்கள் கவனம்

இன்று காலை, கராஜ் பிளானைத் திருத்தி எடுத்துத் தாறன் என்று ஏமாற்றின மனிதரின் கந்தோருக்குப் போய்விட்டு வந்த கையோடு எழுதுகிறேன். ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 85,000 ரூபா போய்விட்டது. பாஸ் பண்ணின பிளானில் மாற்றம் செய்ய வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விபரமாக எழுதுகிறேன், வாசியுங்கள்.

எங்கள் வளவு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், ஒழுங்கைக் கரையில் இரண்டு பரப்புக் காணி. வீட்டோடு சேர்த்து ஒரு கராஜுக்கும் முறையாகப் பிளான் பாஸ் பண்ணித்தான் வைத்திருந்தோம். கராஜின் அகலம் 10 அடி. கார் நிற்கும், கதவை முழுதாகத் திறக்க ஏலாது. இடையில் அம்மா விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டா. காருக்குப் பக்கத்தில் நாற்காலியைக் கொண்டுவந்து அவவைத் தூக்கி ஏற்ற இடம் வேணும். 13 அடி 6 அங்குலமாவது வேணும் என்று மேசன் சொன்னார். கராஜ் வேலை இன்னும் தொடங்கவில்லை, அதனால் படத்தைத் திருத்தி எடுத்துவிட்டுக் கட்டுவோம் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். போன இடம்தான் பிழை.

பிளான் கீறிக் கொடுத்து, பிரதேச சபை அலுவலும் பார்த்துத் தருகிற ஒரு கந்தோர். பெயர் போடவில்லை. அவரே வீட்டுக்கு வந்தார். அம்மாவைப் பார்த்து “அம்மா, எப்பிடி இருக்கிறியள்?” என்று பக்கத்தில் குந்தி இருந்து கதைத்தார். தன்ர தாயும் இப்படித்தான் படுக்கையில் என்றார். நாற்காலியின் சில்லு இரண்டுக்கும் இடைப்பட்ட அகலத்தைக்கூட ரேப்பால் அளந்து கொப்பியில் குறித்தார். “மூன்றரை அடிதானே தம்பி, சின்ன மாற்றம். நீங்கள் சபைக்கு அலையத் தேவையில்லை, நான் எடுத்துத் தாறன்.” 85,000 ரூபாவைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமலே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எண்ணாத மனிதர் கள்ளனாக இருக்கமாட்டார் என்று என் விசர் மனம் சொன்னது. பற்றுச்சீட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது.

ஆறு கிழமை கழித்துத் திருத்தப் படம் வந்தது. 13 அடி 6 அங்குலம், சபை முத்திரை, கையொப்பம், எல்லாம் இருந்தது. அத்திவாரம் வெட்டத் தொடங்கினோம். நாலாம் நாள், போன திங்கட்கிழமை, முன்வீட்டு அலுவலாக ஒழுங்கைக்குள் வந்த சபையின் ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) எங்கள் குழியைப் பார்த்துவிட்டுப் படத்தைக் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். அவர் விரலை நாக்கில் தொட்டு முத்திரையில் தேய்த்தார். மை கரையவில்லை. படத்தை வெயிலுக்குப் பிடித்தார். 13 என்பதற்குக் கீழே பழைய 10 மங்கலாகத் தெரிந்தது. பழைய படத்தில் வெள்ளை மை பூசி, இலக்கத்தை மாற்றி, கலர் போட்டோக் கொப்பி எடுத்திருக்கிறார்கள்! கோப்பு இலக்கமும் திகதியும்கூடப் பழையதுதான். அதை நான் ஒருநாளும் வாசித்துப் பார்க்கவில்லை.

வேலையை நிறுத்தச் சொன்னார்கள். சபையில் போய் விசாரித்தால் திருத்த விண்ணப்பமே வரவில்லை. அந்த மூன்றரை அடி ஒழுங்கைப் பக்கம் நீளுகிறது, கட்டட எல்லைக் கோட்டைத் தாண்டுகிறது. ஒழுங்கையின் நடுவிலிருந்து அளந்து விடவேண்டிய தூரம் அது. அப்படியே கொடுத்திருந்தாலும் பாஸ் ஆகியிருக்காதாம். கராஜைப் பின்னுக்கு நகர்த்திக் கிணற்றடிப் பக்கம் அகட்டினால் கட்டலாமாம். சபைக்குக் கட்டவேண்டிய கட்டணமோ 85,000 ரூபாவுக்குக் கிட்டவும் வராது. அனுமதி இல்லாமல் கட்டவும் கூடாது, கட்டினதை மாற்றவும் கூடாது என்பது 1915ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறதாம். நூறு வருசத்துக்கு மேல் பழைய சட்டம், எனக்குப் போன கிழமைதான் தெரியும்.

பிறகு அவரைப் பிடிக்கிற பாடு. செவ்வாய் “சைட்டில நிக்கிறன், பின்னேரம் எடுக்கிறன்.” புதன் கந்தோர்ப் பிள்ளை எடுத்து “சேர் கொழும்புக்குப் போட்டார்” என்றது. வியாழன் “அது டிராஃப்ட் கொப்பி தம்பி, நீங்கள் ஏன் அவசரப்பட்டுக் கட்டினீங்கள்?” டிராஃப்டுக்கு ஏன் முத்திரை என்று கேட்டேன். லைன் கட். இன்று போனால் ஆள் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்கிறார்கள், செருப்பு வாசலில் கிடக்கிறது. “காசு தந்ததுக்கு என்ன ஆதாரம்?” என்று அந்தப் பிள்ளை கேட்டது. பாவம், சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறது.

சரி, விபரமாக எழுதுகிறேன் என்றேன். மேசன் வாசலில் நிற்கிறார், கெதியாகச் சொல்லிவிடுகிறேன். திருத்தப் படத்தை நீங்களே சபையில் கொடுத்து, பணம் கட்டிய சீட்டை வாங்குங்கள். ஆர் கொண்டுவந்து தந்தாலும் கோப்பு இலக்கத்தோடு சபைக்குப் போய்ச் சரிபார்க்காமல் ஒரு மண்வெட்டி மண்ணும் வெட்டாதேங்கோ. படத்தில் ஒன்றும் நிலத்தில் ஒன்றுமாக இருந்தால் கட்டி முடித்த பிறகு சி.ஓ.சி. (படத்தின்படிதான் கட்டியிருக்கிறது என்று சபை தருகிற சான்றிதழ்) எடுக்கிற இடத்தில் மாட்டுவீர்கள். அனுமதி ஒரு வருசத்துக்குத்தான், அந்தத் திகதியையும் பாருங்கள். எனக்கு இன்னும் ஏழு கிழமைதான் இருக்கிறது.

வெட்டின குழிக்குள் நேற்றைய மழைத் தண்ணீர் நிற்கிறது. மூடுவதா விடுவதா என்று மேசன் கேட்கிறார். மூடுகிற கூலி வேறு.