கோட்டை ஜலகண்டேஸ்வரரா, விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரரா?

வேலூருக்கு வரும் உறவினர்களுக்கு ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கும். இரண்டும் சிவன் கோயில்தான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது.

போக்குவரத்து: ஜலகண்டேஸ்வரர் ஊருக்குள்ளேயே, கோட்டைக்குள். மார்க்கபந்தீஸ்வரருக்குப் பெங்களூரு சாலையில் போய்ப் பாலாற்றங்கரைக்குத் திரும்ப வேண்டும்.

வழிபாடு: "சாமி இல்லாத கோயில்" என்று வேலூரைக் கேலி செய்வார்கள். நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்த கருவறையில் 1981இல் லிங்கம் மீண்டும் வந்தது. அந்தப் பேச்சும் அதோடு சரி. விரிஞ்சிபுரத்தில் சுயம்பு லிங்கம், சற்றே சாய்ந்திருக்கும். மிளகு வியாபாரிக்குக் குதிரை வீரனாகத் துணைக்கு வந்தவர் என்பது தலக்கதை. அதனால் தொலைதூரப் பயணம் கிளம்புகிறவர்கள் இவரைக் கும்பிடுவது பொருத்தம். கார்த்திகைக் கடை ஞாயிறன்று சிம்ம தீர்த்தத்தில் பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் நள்ளிரவில் நீராடுவார்கள். அன்று கூட்டம் தாங்காது, சும்மா பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்கலாம்.

கண்ணுக்கு: கோட்டையில் கல்யாண மண்டபத் தூண்கள், யாளிகளும் குதிரை வீரர்களும். எனக்கு அதற்கு ஈடு தெரியவில்லை. விரிஞ்சிபுரத்தில் மதிலழகு, அப்புறம் நிழலால் மணி காட்டும் கல். பிள்ளைகள் அதை விட்டு நகரமாட்டார்கள்.

முதியவர்களோடு, நேரம் குறைவு என்றால் ஜலகண்டேஸ்வரர். வேண்டுதலோ நீண்ட பயணமோ இருந்தால் மார்க்கபந்தீஸ்வரர். சிற்பம் மட்டும்தான் என்றாலும் கோட்டைக்கே போங்கள்.