டெக்னிக்ஸ் எஸ்பி-10 எம்கே2: சொந்தமாகச் செய்த பிளிந்த்துடன் நெடுநாள் அனுபவம்

ஜப்பானிய நிறுவனமான டெக்னிக்ஸ் 1970இல் வெளியிட்ட எஸ்பி-10தான் நேரடி இயக்க முறையில் விற்பனைக்கு வந்த முதல் டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவி. 1975இல், குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பைக் கொண்டு வேகத்தைக் காக்கும் கட்டுப்பாட்டுடன் வந்த அதன் இரண்டாம் பதிப்பான எம்கே2 வானொலி நிலையங்களிலும் வீடுகளிலும் ஒருங்கே இடம்பிடித்தது. இவை பெரும்பாலும் மோட்டாரும் சுழல்தட்டும் மட்டுமே அடங்கிய அலகுகளாக விற்கப்பட்டதால், ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மையும், எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டமான பிளிந்த்தையும் வாங்குபவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று பழைய கருவிகளின் சந்தையில் எம்கே2 வாங்குபவர்களின் கைக்கும் பிளிந்த் இல்லாத அலகே பெரும்பாலும் வந்து சேர்கிறது. ஜப்பானிலிருந்து வந்த அத்தகைய ஓர் அலகுக்கு நான் பிளிந்த் செய்து, பல ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். மோட்டாரையும் டோன்ஆர்மையும் ஒரே உடலாகப் பிணைப்பதில்தான் ஒரு பிளிந்த்தின் தரம் இருக்கிறது என்பதும், அது எந்தப் பொருளால் ஆனது என்பது அதற்கு அடுத்த கேள்விதான் என்பதும் இந்தக் காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

இதற்குக் காரணம் இயக்க முறையிலேயே இருக்கிறது. பெல்ட் வகையில் சிறிய மோட்டார் ஒன்று ரப்பர் பட்டை வழியாகத் தட்டை மெல்ல இழுக்கிறது. அங்கே ஸ்பிரிங்கில் மிதக்கும் அமைப்பு கூட நன்றாகவே வேலை செய்யும். நேரடி இயக்கத்தில் மோட்டாரின் அச்சும் சுழல்தட்டின் அச்சும் ஒன்றே என்பதால், தட்டுக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு திருகு விசைக்கும் சமமான எதிர்விசை மோட்டாரின் நிலையான பகுதி வழியாகச் சட்டகத்தில் இறங்குகிறது. எம்கே2வின் திருகு விசை 6 கிலோகிராம்-சென்டிமீட்டர், 2.9 கிலோ எடையுள்ள தட்டை அது 0.25 வினாடியில் 33⅓ சுழற்சி வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். மெல்லிய பெட்டி ஒன்றில் அலகை வைத்து, பெட்டியின் விளிம்பில் கை வைத்தபடி பொத்தானை அழுத்தினால், எதிர்த்திசையில் ஓர் உதறல் கையில் தெரியும். இசைத்தட்டு ஓடும்போது நிகழும் வேகத் திருத்தங்கள் இதைவிட மிகச் சிறியவை என்றாலும் அவற்றின் எதிர்விசையும் அதே வழியில்தான் இறங்குகிறது. டோன்ஆர்மும் மோட்டாரும் இறுக்கமான ஒரே உடலில் இருந்தால் இந்த அசைவு இரண்டுக்கும் பொதுவாகிவிடும். ஊசிக்கும் பள்ளத்துக்கும் இடையே வேறுபாடாகத் தெரியாது. டோன்ஆர்மைத் தனித் தூணில் மோட்டாரிலிருந்து பிரித்து நிறுத்தும் வழக்கத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். படத்தில் அழகாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

டெக்னிக்ஸே எம்கே2வுக்கெனத் தயாரித்த எஸ்எச்-10பி3 பிளிந்த்தில் எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் பயன்பட்டது. இங்கிலாந்தில் சிலர் வேல்ஸ் சுரங்கங்களின் சிலேட் கல்லையும், ஜெர்மனியில் சிலர் பீச் மரத் தகடுகளைப் பிசினுடன் அழுத்திச் செய்யும் பான்சர்ஹோல்ஸையும் விரும்புகிறார்கள். பான்சர்ஹோல்ஸ் நீரைவிட அடர்த்தியானது. மரத்தைக் குடைந்து வெட்டும் ரூட்டர் கருவியின் சாதாரண பிட்டுகளை (வெட்டுமுனைகளை) விரைவில் மழுங்கடித்துவிடும். நான் தேர்ந்தது பால்டிக் பிர்ச் பிளைவுட். 18 மி.மீ. பலகையில் 13 அடுக்குகள் இருக்கும், உள்ளே வெற்றிடம் அரிது. பிர்ச் கிடைக்காதவர்கள் ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளையை நம்பலாம். விலை குறைந்த கமர்ஷியல் பிளையை அறுத்துப் பார்த்தால் நடு அடுக்குகளில் இடைவெளிகள் தென்படும், அந்த இடத்தில் திருகாணி பிடிக்காது. நான்கு பலகைகளை ஒட்டி 72 மி.மீ. தடிமனும் 55-க்கு 45 செ.மீ. பரப்பும் வைத்தால், நடுத்துளை போக பிளிந்த்தின் எடை மோட்டார் அலகின் எடையை நெருங்கி வரும். மோட்டார் அலகின் எடை 9.5 கிலோ. இந்தச் சமநிலை எனக்குப் போதுமானதாகவே இருந்திருக்கிறது.

வேலையில் கடினமானது துளை வெட்டுவதுதான். டெனான் டிபி-80, விக்டர் டிடி-81 போன்ற பிற நிறுவனங்களின் நேரடி இயக்க அலகுகள் வட்டத் துளையில் இறங்கி உட்காருபவை என்பதால், ரூட்டருடன் ஒரு வட்டக் கவராயம் இருந்தால் வேலை முடிந்துவிடும். எம்கே2வின் சட்டகமோ ஏறத்தாழ 37 செ.மீ. சதுரம், அதன் அடிப்பகுதியின் வடிவம் நேர்கோடுகளும் வளைவுகளும் கலந்தது. முதலில் எம்டிஎஃப் என்னும் அழுத்திய மரநார்ப் பலகையில் ஒரு வார்ப்புரு வெட்டி, அலகை அதில் இறக்கிச் சரிபார்த்து, பிறகு ஒவ்வொரு அடுக்கையும் அந்த வார்ப்புருவைப் பின்பற்றும் பேரிங் பிட்டால் தனித்தனியே வெட்டி ஒட்டுவதே பாதுகாப்பான வழி. ஒட்டிய பிறகு 72 மி.மீ. ஆழத்தை ஒரே மூச்சில் வெட்ட முனைந்தால் ரூட்டரும் தாங்காது, விளிம்பும் கருகும். அருகில் கணினி வழி வெட்டும் சிஎன்சி பட்டறை இருப்பவர்கள் இந்தச் சிரமத்தைப் படவே தேவையில்லை.

டோன்ஆர்மின் இடம் துளையைவிட அதிக யோசனையைக் கேட்கிறது. அச்சிலிருந்து சட்டகத்தின் வலப்புற விளிம்பு ஏறத்தாழ 18 செ.மீ. தொலைவில் இருக்கிறது. டெக்னிக்ஸின் வழக்கமான ஒன்பது அங்குல ஆர்முக்கு அச்சிலிருந்து ஆர்ம் திரும்பும் திருப்புமையம் வரை 215 மி.மீ. என்பதால், விளிம்பைத் தாண்டி மூன்று சென்டிமீட்டர் இடமே மிஞ்சும். அகன்ற அடித்தளம் கொண்ட ஆர்ம் எதுவும் அங்கே அமராது. இந்த அலகு நீண்ட ஆர்ம்களை விரும்புகிறது என்று பலரும் சொல்வதற்குப் பின்னால் ஒலி ரகசியம் ஏதுமில்லை, இந்த இட நெருக்கடிதான் இருக்கிறது. நான் பொருத்தியிருப்பது ஃபிடெலிட்டி ரிசர்ச் எஃப்ஆர்-64எஸ். அதற்கு அந்தத் தொலைவு 230 மி.மீ. ஆகையால் நான்கரை சென்டிமீட்டர் கிடைக்கிறது. துருப்பிடிக்காத எஃகினால் ஆன கனத்த ஆர்ம் அது; 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஒலிபரப்புக்காக உருவான டெனான் டிஎல்-103 போன்ற, ஊசி விறைப்பாகப் பொருந்திய கார்ட்ரிட்ஜுடன் (ஊசியின் அசைவை மின்சைகையாக்கும் பகுதி) நன்றாக இணங்குகிறது. ஆர்ம் பலகையைப் பிளிந்த்தோடு சேர்த்து ஒட்டாமல், நான்கு போல்ட்டுகளால் இறுக்கும் தனித் துண்டாகச் செய்தது நல்ல முடிவு. பின்னாளில் எஸ்எம்இ 3012 என்னும் நீண்ட ஆர்முக்கு மாற விரும்பினால், 295 மி.மீ. தொலைவுக்கு வேறொரு நீண்ட பலகை செய்தால் போதும்.

கால்களுக்கு முதலில் மென்மையான ரப்பரும் பிறகு பித்தளைக் கூம்புகளும் வைத்துப் பார்த்தேன். மென்மையான ரப்பரில் பாஸ் என்னும் தாழ்ந்த ஒலி சற்று உருண்டு பரவியது. கூம்புகளில் சுருக்கமாக நின்றது, ஆனால் மரத்தரையில் நடப்பவரின் காலடியும் ஊசிக்கு வந்தது. இதற்குத் தீர்வாக அமைந்தது 40 மி.மீ. கடப்பா கல். சமையலறை மேடைக்கு வாங்குவதுபோல அளவு சொல்லி வெட்டி வாங்கி, சுவரில் அடித்த இரும்புத் தாங்கிகளின் மேல் கிடத்தி, கூம்புகளை அதன்மீது நிறுத்தினேன். கடப்பா சிலேட் அன்று, சுண்ணாம்புக்கல் வகை. தனியே தட்டினால் மணிபோல் ஒலிக்கும். தாங்கிக்கும் கல்லுக்கும் இடையே கார்க் தாள் வைத்ததும் அந்த ஒலி அடங்கிவிட்டது. கல்லைப் பிளிந்த்துக்கு உள்ளேயே ஒட்டும் யோசனையைக் கைவிட்டேன். மழைக்கால ஈரத்தில் மரம் விரியும், கல் விரியாது, ஒட்டு என்றாவது ஒருநாள் பிரியும்.

ஒலியைப் பற்றி நான் அறுதியிட்டுச் சொல்லக்கூடியது சுருதியின் நிலைப்பு ஒன்றே. கர்நாடக இசைத்தட்டில் ஆலாபனை நிற்கும் இடங்களில் தம்புரா மட்டும் ஒலிக்கும்போது, வேகத்தின் மிகச் சிறிய தள்ளாட்டமும் காதில் விழும். பியானோவின் நீண்ட ஸ்வரமும் அதே சோதனைதான். வேகத்தைக் காப்பது எம்கே2வின் மோட்டார். அதைக் கெடுக்காமல் இருப்பதே பிளிந்த்தின் பங்கு. தளர்ந்த ஆர்ம் பலகையை இறுக்கியபோது கேட்ட வேறுபாடு, மரத்தின் வகையை மாற்றியபோது நண்பர்கள் கேட்டதாகச் சொல்லும் வேறுபாட்டைவிட எனக்குத் தெளிவாக இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லா போல்ட்டுகளையும் சரிபார்க்கிறேன். மரம் வறளும் கோடையில் அவை சற்று நெகிழ்கின்றன. திருகாணிகளை நேரடியாக மரத்தில் ஏற்றாமல் பித்தளை மரைக்குழாய்களைப் பதித்ததால், அடிக்கடி கழற்றியும் துளைகள் தேயவில்லை.

கழற்ற வேண்டியும் வருகிறது. எஸ்எச்-10ஈ என்னும் மின்வழங்கி தனிப்பெட்டியாக இருப்பதால் அதில் பழைய மின்தேக்கிகளை மாற்றுவது எளிது. கட்டுப்பாட்டுச் சுற்றுப்பலகைகள் மோட்டார் அலகின் அடியில் இருக்கின்றன. அடிப்பக்கம் மூடிய பிளிந்த் செய்தவர்கள் ஒரு மின்தேக்கிக்காக அலகு முழுவதையும் மேலே தூக்குகிறார்கள். என் பிளிந்த்தின் அடியைத் திறந்தே விட்டு, தூசிக்கு மட்டும் துளையிட்ட மெல்லிய அலுமினியத் தகடு பொருத்தியிருக்கிறேன். வெப்பமும் அதன் வழியே வெளியேறுகிறது. ஜப்பானிய 100 வோல்ட் அலகு வைத்திருப்பவர்கள் 230 வோல்ட்டிலிருந்து இறக்கும் மின்மாற்றியையும் இந்த மின்வழங்கியையும் பிளிந்த்தின் இடப்புறம், கார்ட்ரிட்ஜிலிருந்து இயன்ற அளவு விலக்கி வைக்க வேண்டும். வலப்புறம் வைத்தால் ஃபோனோ ஒலியில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உடனே சேரும். இணைப்புக் கேபிளின் நீளத்தை அளந்துவிட்டுப் பிளிந்த்தின் பின்புறக் கேபிள் துளையை இடப்பக்கமாகவே வெட்டிவிடுவது நல்லது.