முழுத் தடையா, தனி அறையா, கடைக்காரர் இஷ்டமா?

சென்னையில் ஒரு ஹோட்டல் பார். பெயர் வேண்டாம். மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை, அதன் மேல் ‘புகை பிடிக்கும் பகுதி’ என்று பலகை. கதவு தானாக மூடிக்கொள்ளும் வகை. அது மூடிவிடாதபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள். சப்ளையர் பையன் இரண்டு கையிலும் தட்டோடு போய் வர வேண்டுமே! நாங்கள் நான்கு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தோம். ராத்திரி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது, அந்த நான்கு மேசை தூரத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தது.

சாப்பிடும் இடத்திலும் குடிக்கும் இடத்திலும் புகையை என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியைப் பிடித்திருக்கிறது. முழுசாகத் தடுப்பது ஒரு வழி. தனி அறை கட்டிக்கொள்ளச் சொல்வது இன்னொன்று. கடைக்காரரே முடிவு செய்யட்டும் என்று விடுவதும் உண்டு. அப்புறம், ‘இத்தனை அடி தள்ளிப் போய்ப் பிடி’ என்னும் மலேசியா வழி. நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை: முழுத் தடைப் பக்கம். ஆனால் எல்லா இடத்துக்கும் அது ஒரே மாதிரி பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

தனி அறை: காகிதத்தில் கச்சிதம்

முதலில் நம் ஊர் சட்டம். அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 அன்று பொது இடங்களில் புகை பிடிப்பதைத் தடுக்கும் விதிகள் அமலுக்கு வந்தன. உணவகம், பார், டீக்கடை எல்லாமே பொது இடம்தான். ஆனால் 30 அறை அல்லது அதற்கு மேல் உள்ள ஹோட்டலும், 30 இருக்கை அல்லது அதற்கு மேல் உள்ள உணவகமும், விமான நிலையமும் தனியாக ஒரு புகைப் பகுதி வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருப்பதைப் படித்தால் ஏதோ ஆய்வுக்கூடம் கட்டப் போகிறார்களோ என்று தோன்றும். நான்கு பக்கமும் முழு உயரச் சுவர். சாதாரணமாக மூடியே இருக்கும் தானியங்கிக் கதவு. உள்ளே உள்ள காற்று கட்டடத்தின் மற்ற பகுதிக்குத் திரும்பாமல் நேராக வெளியே போக வேண்டும். வெளியே இருப்பதைவிட உள்ளே காற்றழுத்தம் குறைவாக இருக்க வேண்டும்; அப்போதுதான் கதவைத் திறந்தாலும் காற்று உள்ளே போகுமே தவிர புகை வெளியே வராது. 2017-இல் இன்னொன்றும் சேர்த்தார்கள்: புகைப் பகுதிக்குள் எந்தப் பரிமாறலும் கூடாது.

இவ்வளவையும் அந்த ஒரு நாற்காலி தோற்கடித்துவிட்டது. கதவு திறந்து கிடந்தால் காற்றழுத்தக் கணக்கெல்லாம் எங்கே நிற்கும்? பரிமாறக் கூடாது என்றால் குடிக்க வந்தவர் ஒரு தம்முக்காக எழுந்து போய் நின்றுவிட்டு வர வேண்டும்; அதற்கு அவர் வாசலுக்கே போய்விடலாமே. அதனால் பரிமாறுகிறார்கள், அதனால் கதவு திறந்தே இருக்கிறது. எல்லாம் சரியாகச் செய்தாலும்கூட, காற்றை வடிகட்டுவதாலும் விசிறியைக் கூட்டுவதாலும் பிறர் புகையின் பாதிப்பை முழுசாக நீக்க முடியாது என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 2006 அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்.

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் அந்த ‘30 இருக்கை’. பெரிய கடைக்கு அறை கட்ட இடமும் பணமும் உண்டு, சட்டத்தில் வழியும் உண்டு. எட்டு ஸ்டூல் போட்ட கடைக்கு மூன்றுமே இல்லை. ஜெர்மனியில் இதே வழக்குதான் நீதிமன்றம் வரை போனது. அங்கே பெரிய மதுக்கூடங்கள் பக்கத்து அறையைப் புகைக்கு ஒதுக்கலாம். ஒற்றை அறை வைத்திருக்கும் தெருமுனைக் கடைக்கு அந்த வசதி இல்லை. சின்னக் கடைக்காரர்கள் வழக்குப் போட, 2008 ஜூலை 30 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. தீர்ப்பில் சுவாரசியமான பகுதி வேறு: விதிவிலக்கே இல்லாமல் எல்லோருக்கும் ஒரே தடை போட்டால் அது செல்லும், விலக்கு கொடுத்தால் சின்னவனுக்கும் சேர்த்துக் கொடு. பவேரியா மாநிலத்து மக்கள் முதல் வழியைப் பிடித்தார்கள். 2010 ஜூலை 4 வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடுமையான தடைக்கு ஆதரவு. பீர் குடிப்பதையே திருவிழாவாகக் கொண்டாடும் ஊர் அது!

கடைக்காரர் இஷ்டம்

‘என் கடை, என் முடிவு. புகை பிடிக்காதவன் வேறு கடைக்குப் போகட்டும்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஸ்பெயின் இதை ஐந்து வருஷம் நடத்திப் பார்த்தது. 2006 சட்டப்படி 100 சதுர மீட்டருக்கும் குறைவான பார்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். பெரிய கடைகள் தடுப்பு கட்ட வேண்டும். என்ன நடந்தது? சின்னக் கடைகளில் மிகப் பெரும்பாலானவை புகைக்கு அனுமதி என்றே பலகை மாட்டின. பக்கத்துக் கடை அனுமதித்தால் நான் மட்டும் எப்படி மறுப்பது என்ற பயம்தான். ஆக, ‘வேறு கடைக்குப் போகலாம்’ என்றார்களே, போக வேறு கடையே இல்லை. கடைசியில் 2011 ஜனவரி 2 முதல் உள்ளே எங்குமே கூடாது என்று சட்டத்தை மாற்றினார்கள். இதில் அடிபட்டவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டுச் செலவு செய்து தடுப்பு கட்டிய பெரிய கடைக்காரர்கள். ஐந்து வருஷத்தில் அந்தச் சுவருக்கு வேலையே இல்லாமல் போனது. நஷ்டஈடு கேட்டுக் கத்தினார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

ஜப்பான் கதை இன்னும் வேடிக்கை. டோக்கியோவின் சியோடா வட்டாரத்தில் 2002-இலிருந்தே தெருவில் நடந்துகொண்டு சிகரெட் பிடித்தால் அபராதம். ஆனால் சாப்பாட்டுக் கடைக்குள் நிம்மதியாக ஊதலாம். 2020 ஏப்ரலில்தான் நாடு முழுக்க உணவகத்துக்குள் தடை வந்தது. அதிலும் 100 சதுர மீட்டருக்கு உட்பட்ட பழைய சின்னக் கடைகளுக்கு விலக்கு. டோக்கியோ நகரம் மட்டும் தன் விதியில் வேறு கணக்குப் போட்டது: கடை எவ்வளவு பெரிசு என்று பார்க்காதே, சம்பளத்துக்கு ஆள் வேலை செய்கிறாரா என்று பார். ஆள் இருந்தால் புகை கூடாது.

இந்த விவாதத்தில் நான் பார்த்த உருப்படியான அளவுகோல் இதுதான். வாடிக்கையாளருக்கு ஒரு மணி நேரம். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். தட்டு தூக்கும் பையனுக்குப் பத்து மணி நேரம். அவன் எந்தப் பலகையைப் பார்த்து எந்தக் கடைக்குப் போவான்?

முழுத் தடை

2004 மார்ச் 29 அன்று அயர்லாந்து, நாடு முழுவதும் வேலை செய்யும் இடங்களில் எல்லாம் புகையைத் தடுத்தது. பப்களும் அதில் சேர்த்தி. நாடளவில் இப்படிச் செய்த முதல் நாடு அதுதான். அங்கே பேச்சு ஆரம்பித்ததே ஊழியரிடமிருந்து. அதனால் ‘வாடிக்கையாளர் உரிமை’ வாதம் அவ்வளவாக எடுபடவில்லை.

அயர்லாந்துக்கு இன்னொரு வசதி: எல்லைக்கு அந்தப் பக்கம் வட அயர்லாந்தில் தடை 2007-இல்தான் வந்தது. அதே மாதிரி பப், அதே மாதிரி ஆட்கள், ஒரு பக்கம் மட்டும் தடை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. புகை பிடிக்காத பார் ஊழியர்களின் எச்சிலில் கோட்டினின் அளவைச் சோதித்தார்கள். உடலுக்குள் போன நிகோடினைக் காட்டிக்கொடுக்கும் பொருள் அது. தடை வந்த பக்கம் 80 சதவீதம் குறைந்திருந்தது. வராத பக்கம் 20 சதவீதம். ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் தடை வந்தபின், ஒன்பது மருத்துவமனைகளில் திடீர் இதயப் பாதிப்புடன் சேர்க்கப்பட்டவர்கள் எண்ணிக்கை 17 சதவீதம் குறைந்தது. அப்போது தடை இல்லாத இங்கிலாந்தில் 4 சதவீதம்தான்.

வியாபாரம் படுத்துவிடும் என்ற வாதத்தை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். அயர்லாந்தின் கிராமத்துப் பப்கள் பல மூடின என்பது உண்மை. ஆனால் அதே காலத்தில் கடையில் மலிவு மது வாங்கி வீட்டில் குடிக்கும் பழக்கமும், 2006-இலிருந்து சாலையில் யாரை வேண்டுமானாலும் ஊதச் சொல்லும் சோதனையும் வந்தன. எல்லாப் பழியையும் சிகரெட் தலையில் கட்டுவது கஷ்டம். தடையின் பக்கவிளைவு என்று கண்ணுக்குத் தெரிவது வேறு: கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது. சுற்றளவில் பாதிக்கு மேல் சுவர் இல்லாத கொட்டகையில் பிடிக்கலாம் என்று சட்டம் விட்டதால், பப்புக்குப் பின்னால் கொட்டகைகள் முளைத்தன.

தள்ளிப் போய்ப் பிடி

சுவரே இல்லாத கடைக்கு ‘உள்ளே கூடாது’ என்றால் உள்ளே எது? மலேசியாவின் மாமாக் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதி மேசை நடைபாதையில்தான் கிடக்கும். பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகள். நடு ராத்திரியில் தே தாரிக் என்னும் ஆற்றிய டீ, ரொட்டி சானாய் என்னும் பரோட்டா, பெரிய திரையில் கால்பந்து, கையில் சிகரெட் என்பதுதான் அங்கத்திய சுகம். 2019 ஜனவரி 1 முதல் திறந்தவெளி மேசை உட்பட எல்லாச் சாப்பாட்டுக் கடைகளிலும் தடை. பிடிப்பவர் மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். முதல் வருஷம் எச்சரிக்கை மட்டும், 2020-இலிருந்து அபராதம். ‘எங்கள் உரிமை’ என்று சிலர் நீதிமன்றம் போனார்கள், பலிக்கவில்லை.

மூன்று மீட்டர் என்பது அறிவியலாகப் பார்த்தால் பெரிய தூரம் இல்லை. ஆனால் யாருக்கும் செலவில்லை, பெரிய கடை சின்னக் கடை பேதமில்லை, நாற்காலி போட்டு முட்டுக் கொடுக்கக் கதவும் இல்லை. பாருக்கும் ஏசி உணவகத்துக்கும் முழுத் தடை, அந்தக் கண்ணாடி அறையை இடித்துவிடலாம். டீக்கடைக்கு இந்த மலேசியத் தூரம். எனக்குத் தோன்றும் கணக்கு இவ்வளவுதான்.

நம் டீக்கடைக்குச் சட்டம் ஏற்கெனவே அதைவிடக் கடுமை என்பது தனிக்கதை. 2008 விதியில் உணவகம் என்றால் அதைச் சுற்றியுள்ள திறந்தவெளியும் சேர்த்தி. ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் அங்கே வைக்கக் கூடாது. அபராதம் 200 ரூபாய் வரை. எங்கள் தெரு முனைக் கடையில் ‘புகை பிடிக்காதீர்’ பலகைக்கு ஒரு முழம் கீழே கயிற்றில் லைட்டர் தொங்குகிறது.

டீ மாஸ்டரிடம் கேட்டேன்: “தம் அடிக்கிறவங்களை எதிர்ல வேப்பமரத்துக்கிட்ட போய் நிக்கச் சொன்னா வியாபாரம் போயிருமாண்ணே?”

டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “வியாபாரமெல்லாம் போவாது சார். டம்ளர்தான் திரும்பி வராது.”