பைல் சர்வர் போடுகிறீர்களா? பாக்கிப் பணம் கொடுக்கும் முன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

மதுரையில் ஸ்டுடியோ, ஆடிட்டர் ஆபீஸ், பிரஸ் நடத்துபவர்கள் கவனத்துக்கு. சிம்மக்கல் பக்கம் உள்ள எங்கள் கல்யாண ஆல்பம் ஸ்டுடியோவில் நாலு சிஸ்டத்துக்கும் பொதுவாக ஒரு நாஸ் (எல்லா சிஸ்டமும் லைன் வழியாகப் பைல் போட்டு எடுக்கும் டிஸ்க் பெட்டி, அதாவது பைல் சர்வர்) போட்டுக் கொடுத்தார் உள்ளூர் டீலர் ஒருவர். கடைப் பெயர் வேண்டாம், வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன்.

டெமோ பிரமாதம். தன் லேப்டாப்பை நேராகச் சர்வரில் சொருகி ஒரு பெரிய வீடியோவைக் காப்பி போட்டார். நொடிக்கு 110 எம்பி! கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) லைனில் அதுவே நல்ல வேகம், சரி என்று பணத்தைக் கொடுத்தோம்.

வைகாசி முகூர்த்தம் தொடங்கியதும் எங்கள் சிஸ்டங்களில் வேகம் 11-ஐத் தாண்டவில்லை. பத்து நிமிஷத்தில் ஏற வேண்டிய 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. போன் போட்டால், "நாலு பேரும் ஒரே நேரத்துல எடுத்தா அப்படித்தாண்ணே இருக்கும்" என்றார். ராத்திரி ஒரே சிஸ்டம் ஓடும்போதும் அதே 11தான்.

வேறொரு தம்பி வந்து கேபிள் முனையைக் கழற்றியதும் குட்டு உடைந்தது. கிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பியும் வேண்டும். நாலு கம்பியில் 100 எம்பிபிஎஸ்தான் (நொடிக்கு 100 மெகாபிட்) போகும்; பைல் காப்பியில் அதுதான் அந்த 11 எம்பி. இந்தப் புண்ணியவான் ஒவ்வொரு கேபிளையும் நாலு நாலாகப் பிரித்து இரண்டு சிஸ்டத்துக்குக் கொடுத்திருக்கிறார். பில்லில் மட்டும் நாலு கேபிள்.

வயிற்றைக் கலக்கியது டிஸ்க்தான். "மிரர் போட்டிருக்கேன், ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல இருக்கும்" என்றவர் போட்டது ரெய்டு 0. அதில் ஒவ்வொரு பைலும் இரண்டு டிஸ்க்கிலும் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும். ஒன்று செத்தால் அத்தனை கல்யாணமும் போச்சு. இரண்டு 4 டிபி டிஸ்க்கை மிரர் செய்தால் விண்டோஸில் சுமார் 3.6 டிபி காட்ட வேண்டும்; எங்களுக்கு 7.2 காட்டியது. மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அழித்துத்தான் போட வேண்டுமாம். அதற்கும் சர்வீஸ் சார்ஜ் கேட்டாரே, அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்!

டெமோவை உங்கள் சிஸ்டத்தில், உங்கள் லைனில் காட்டச் சொல்லுங்கள். ஒரு பெரிய வீடியோவோடு விடாமல், ஆயிரக்கணக்கில் போட்டோ உள்ள போல்டரையும் ஏற்றச் சொல்லுங்கள். சின்ன பைல்களில்தான் சர்வர் திணறும். விண்டோஸில் ஈதர்நெட் ஸ்டேட்டஸில் (கேபிள் இணைப்பின் விவரம்) 1.0 ஜிபிபிஎஸ், அதாவது கிகாபிட், என்று காட்டுகிறதா பாருங்கள். அப்புறம், பில்லில் 'ரெய்டு 1' என்றே எழுதி வாங்குங்கள்; மிரருக்கு அதுதான் பெயர். டிஸ்க் வேலைக்கு எங்கள் பில்லில் வெறும் 'இன்ஸ்டலேஷன்' என்றுதான் இருக்கிறது. கேபிள் கணக்காவது அதில் எழுத்தில் இருப்பதால், அதை வைத்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறோம்.