கேபின் வண்டி என்று நம்பி ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாயை இழந்தேன்: டிராக்டர் வாங்கப்போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய். அது இனித் திரும்பி வராது என்று நேற்று மாலை ஐந்து மணிக்கு என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். இரவு முழுக்கக் கண்ணை மூடவில்லை. விடிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். திறந்த டிராக்டர் வாங்குவதா, மூடிய கேபின் வைத்தது வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நான்கு மாதத்துக்கு முன்னால் நானும் அங்கேதான் நின்றேன். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

கடையின் பெயர் வேண்டாம். டெல்டாவில் ஒரு நகரத்தில் இருக்கும் டிராக்டர் விற்பனை நிலையம். வாசலில் கொடி கட்டி, வரிசையாகப் புது வண்டிகள் நிறுத்தியிருப்பார்கள். அவ்வளவு போதும்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். சொந்த நிலம் மூன்று ஏக்கர். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. நானும் தம்பியும் வாடகைக்கு வண்டி ஓட்டித்தான் பிழைக்கிறோம். குறுவைக்கும் சம்பாவுக்கும் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு, நடுவில் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர், சம்பா அறுவடை தொடங்கியதும் வைக்கோல் கட்டும் பேலர். பழைய வண்டி பதினாறு வருடம் உழைத்து ஓய்ந்துவிட்டது.

பேலர் ஓட்டியவர்களுக்கு அந்தத் தூசி எப்படிப்பட்டது என்று தெரியும். காய்ந்த வைக்கோலை அள்ளி உள்ளே அழுத்தும்போது சுனையும் மண்ணும் பூஞ்சைத் தூளும் புகையாக எழும்பும். காற்று பின்னாலிருந்து அடித்தால் அவ்வளவும் ஓட்டுகிறவன் மேல்தான். தம்பி துண்டை முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் ஓட்டுவான். சென்ற வருடம் சீசன் முடிந்ததும் இருமல் நிற்கவில்லை. படுத்தால் மூச்சு இழுத்தது. இந்தத் தூசியை விட்டு விலகியிருக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விலகினால் சோறு எங்கிருந்து வரும்? கேபின் வண்டி என்ற எண்ணம் வந்ததே அவனுக்காகத்தான். குளிர்ந்த காற்றில் சொகுசாக உட்கார வேண்டும் என்று நாங்கள் ஆசைப்படவில்லை.

நவம்பரில் நல்ல மழை நாளில் இருவரும் போனோம். கம்பெனியிலிருந்தே கேபினோடு வந்த வண்டி ஒன்று கொட்டகையில் நின்றது. திறந்த வண்டியைவிட இரண்டரை லட்சம் கூடுதல். அவ்வளவு எங்களால் முடியாது என்று சொல்லிவிட்டுத் திறந்த வண்டிக்கு விலை பேசத் தொடங்கினோம். அப்போது முதலாளியே அறையை விட்டு எழுந்து வந்தார். என் அப்பாவுக்குப் பவர் டில்லர் விற்றவர் அவர்தான். அப்பா பெயரைச் சொல்லி விசாரித்தார், இறந்துவிட்டார் என்றதும் என் தோளைத் தொட்டார். தம்பியை அந்தக் கேபின் வண்டியில் ஏற்றி உட்காரவைத்து, சாவியைத் திருப்பி, ஏசியைப் போட்டு, கதவைச் சாத்தினார். கொட்டகைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. தம்பி கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். இறங்கி வந்து, "அண்ணே, மழைச் சத்தமே கேட்கவில்லை" என்றான்.

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். முதலாளி சொன்னார்: "தம்பி, இரண்டரை லட்சத்தை ஏன் வீணாக்குகிறீர்கள்? திறந்த வண்டியை எடுங்கள். இதே கேபினை, இதே ஆட்களை வைத்து நான் மாட்டித் தருகிறேன். ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் கொடுங்கள். பொங்கலுக்கு முன்னால் தயாராகிவிடும். உங்கள் அப்பா முகத்துக்காகச் செய்கிறேன்."

இதே கேபின். அந்த இரண்டு சொற்களை நான்கு மாதமாக மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

வண்டிக்குக் கடன் கிடைத்தது. கேபினுக்குக் கடன் இல்லை, ரொக்கம்தான் என்றார்கள். அம்மாவின் வளையலைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம், குறுவை நெல் பணத்திலிருந்து எழுபத்தைந்தாயிரம், இரண்டையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தேன். அவர்கள் கொடுத்தது ஒரு எஸ்டிமேட் தாள். "டிராக்டர் உதிரிபாகங்கள், முன்பணம்" என்று எழுதியிருந்தது. கேபின் என்ற சொல்லே அதில் இல்லை. ஜிஎஸ்டி எண் இல்லை. கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். "வேலை முடிந்ததும் மொத்தமாகப் பில் போட்டுவிடலாம்" என்றார். அப்பா முகத்துக்காகச் செய்கிறேன் என்றவரிடம் எப்படி அழுத்திக் கேட்பது என்று பேசாமல் வந்துவிட்டேன்.

பொங்கல் போனது. சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. பிப்ரவரி முதல் வாரத்தில்தான் வண்டி கைக்கு வந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது. அது கம்பெனி கேபின் இல்லை. எங்கோ ஒரு பட்டறையில் சதுரக் குழாயை வெட்டி, பற்றவைத்து, தகரம் அடித்து, பெயிண்ட் பூசிய கூண்டு. பற்றவைத்த இடங்களில் பெயிண்டுக்கு அடியில் கசடு அப்படியே இருந்தது. கம்பெனி கேபினுக்கு அடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள் இருக்கும். இதில் இரும்போடு இரும்பாக நட்டு போட்டு இறுக்கியிருந்தார்கள். எஞ்சின் அதிர்வு முழுவதும் கூண்டில் ஏறி, உள்ளே உட்கார்ந்தால் தகர டப்பாவுக்குள் தலையை விட்டதுபோல் காது அடைத்தது. திறந்த வண்டியின் சத்தமே இதைவிடத் தேவலை.

அதைவிடக் கொடுமை தூசி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நல்ல கேபினில் வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் விசிறி ஒன்று இருக்கும். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதால், கதவு இடுக்கு, லீவர் துளை எதுவாக இருந்தாலும் காற்று உள்ளிருந்து வெளியேதான் போகும். தூசி நுழைய வழியில்லை. நாம் காசு கொடுப்பது உண்மையில் அதற்குத்தான். எங்கள் கூண்டில் வடிகட்டியும் இல்லை, வெளிக்காற்று வரும் வழியும் இல்லை. உள்ளே இருக்கும் காற்றையே ஏசி சுற்றிச் சுற்றி விட்டது. பேலரின் தூசி லீவர் துளைகள் வழியாக நுழைந்து, வெளியே போக முடியாமல் உள்ளேயே சுழன்றது. திறந்த வண்டியிலாவது காற்று மாறி அடித்தால் மூச்சுவிட முடியும். மூன்றாம் நாள் தம்பி வண்டியை வயல் நடுவில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து கீழே குதித்து, வரப்பில் உட்கார்ந்து இருமியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதற்காகவா அம்மாவின் வளையலை வைத்தேன்?

எஞ்சின் சூடும் ஏறியது. ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரை, எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். வைக்கோல் தூள் அதில் அப்பிக்கொண்டதும் ரேடியேட்டருக்குக் காற்றே போகவில்லை. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தட்ட வேண்டியிருந்தது. ஏசி கம்ப்ரசர் எஞ்சின் சக்தியிலிருந்து சில குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். அந்தச் சுமைக்கென்று கணக்கிட்டுச் செய்த வண்டி வேறு, நாங்கள் வாங்கியது வேறு. பேட்டரி வேறு அடிக்கடி இறங்கிப்போனது.

பிப்ரவரி கடைசியில் தென்னந்தோப்பில் ரோட்டவேட்டர் ஓடும்போது ஒரு கல் தெறித்துப் பின்கண்ணாடி உடைந்தது. வண்டிக்கு வைக்கும் கண்ணாடி உடைந்தால் சிறு சிறு மணிகளாக உதிரும். இது வீட்டு ஜன்னல் கண்ணாடி. கத்திபோல் நீள நீளத் துண்டுகளாக இருக்கைக்குப் பின்னால் விழுந்தது. தம்பி முன்பக்கம் சாய்ந்திருந்ததால் தப்பினான். அந்தத் துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.

இனி அவர்கள் அலைக்கழித்த கதை. முதல் முறை போனபோது, "சீசன் நேரம், மெக்கானிக் எல்லாம் வெளியே இருக்கிறார்கள்" என்றார்கள். இரண்டாம் முறை, "கேபின் செய்தவர் சேலத்தில் இருக்கிறார், வரச் சொல்லியிருக்கிறோம்." மூன்றாம் முறை முதலாளி அறைக்குள் இருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. "ஐயா மீட்டிங்கில் இருக்கிறார்" என்று என்னை இரண்டு மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள். போனில் அழைத்தால் எடுப்பதில்லை. தம்பியின் போனிலிருந்து அழைத்தால் எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

இதற்கு நடுவில் பின் அச்சுப் பெட்டியில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. கூண்டை மாட்டுவதற்காகக் கம்பெனி போல்ட்டுகளைக் கழற்றி, நீளமான வேறு போல்ட்டுகளைப் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்துதான் கசிவு. புது வண்டி, வாரண்டி இருக்கிறது, சரிசெய்து தருவார்கள் என்று நேற்று வண்டியோடு போனேன். சர்வீஸ் என்ஜினீயர் சுற்றிப் பார்த்துவிட்டு, "வெளிப்பட்டறையில் கை வைத்திருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது" என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாட்டிக் கொடுத்தது உங்கள் கடைதானே என்றேன். மேலாளரிடம் போகச் சொன்னார். மேலாளர் அந்த எஸ்டிமேட் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் கேபின் என்று எங்கே இருக்கிறது? இது எங்கள் பில்லே இல்லை" என்றார். அந்தக் கேபினை மாட்டியதும் அந்தக் கடை. மாட்டியதால் வாரண்டி இல்லை என்பதும் அதே கடை. ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாயை எண்ணி வாங்கிய கணக்குப்பிள்ளை பக்கத்து மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவேயில்லை.

நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்றேன். "நீங்கள் வாடகைக்கு ஓட்டுகிறீர்கள், அது வியாபாரம், அங்கே உங்களை உள்ளேயே விடமாட்டார்கள்" என்று சிரித்தார் மேலாளர். இரவு தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டேன். அது பொய். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிய பொருள் வியாபார நோக்கத்தில் சேராது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறதாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. எனக்கு நஷ்டம் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். கட்டாயம் கொடுக்கப்போகிறேன். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் இன்று காலையே புகாரைப் பதிவு செய்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். கை நடுங்குகிறது, விடிந்தும் விட்டது. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

தூசிக்காகக் கேபின் வேண்டும் என்றால் கம்பெனியிலிருந்தே கேபினோடு வரும் வண்டியை வாங்குங்கள். பணம் போதவில்லை என்றால் திறந்த வண்டியை வாங்கி, மேலே வெயில் மறைக்கும் டாப் போட்டு, நல்ல முகக்கவசம் கட்டி ஓட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றை எவர் காட்டினாலும் பணத்தை எடுக்காதீர்கள். வேலை பெரும்பாலும் சேற்றுழவும் தோப்பும் என்றால் திறந்த வண்டியே போதும். தாழ்ந்த மட்டைகளுக்கு அடியில் கேபின் நுழையாது, சேற்றில் அடிக்கடி ஏறி இறங்கவும் தொல்லை.

கேபினைச் சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும். கதவைச் சாத்தி, விசிறியை முழு வேகத்தில் வைத்து, வெளியே கதவு இடுக்கில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை வெளிப்பக்கம் தள்ளப்பட வேண்டும். உள்ளே போனால் அது தூசி தடுக்கும் கேபின் இல்லை. மருந்து அடிக்கிறவர்கள் கவனியுங்கள், சாதாரணத் தூசி வடிகட்டி பூச்சிமருந்தின் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி வேண்டும்.

வாய்க்கால் கரையில் வண்டி கவிழ்ந்தால் பட்டறைக் கூண்டு நசுங்கி ஓட்டுகிறவனை அழுத்திவிடும். கவிழ்ந்தாலும் நசுங்காத பாதுகாப்பு இரும்புச் சட்டகம் என்று சோதித்துச் சான்று பெற்றதா எனக் கேளுங்கள். ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அந்தச் சட்டகம் இருந்தால் சீட் பெல்ட் போடுங்கள். சட்டகம் இல்லாத திறந்த வண்டியில் பெல்ட்டால் உடம்பைக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி கம்பெனி குறித்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. விபத்து நடந்தால் காப்பீட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

எஸ்டிமேட் தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். என்ன பொருள் என்று எழுதி, ஜிஎஸ்டி எண் போட்ட பில் கைக்கு வந்த பிறகு, வங்கி மூலம் மட்டும் கொடுங்கள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வேறு யாருக்காவது இதேபோல் கூண்டு மாட்டிக் கொடுத்திருந்தால் உங்களிடம் இருக்கும் தாளையும் கேபினின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன். பத்து மணிக்கு ஆணையத்தின் அலுவலகம் திறக்கும். நான் கிளம்புகிறேன்.